ஆண்டுக்கு 15 பேர்: யு.எஸ்.சி. கால்பந்து அணி மெலிந்த கதை

2010 ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டன: 30. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யு.எஸ்.சி., தன் கால்பந்து அணிக்கான ஸ்காலர்ஷிப்களில் 30-ஐ மூன்று ஆண்டுகளில் இழக்க வேண்டும் என்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆண்டுக்குப் பத்துதானே, 85 பேர் உள்ள அணிக்கு அது தாங்கும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான், அந்தத் தீர்ப்பில் ஆளைச் சாய்க்கிற எண் 30 இல்லை என்பது புரிந்தது. அது தீர்ப்பின் உள்ளே இருந்த 15.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நாம் சொல்லும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம். தாக்க 11 பேர், தடுக்க வேறு 11 பேர், உதைக்கத் தனி ஆட்கள். மோதல் ஆட்டம் என்பதால் வாராவாரம் இரண்டு மூன்று பேராவது முட்டியையோ தோளையோ பிடித்துக்கொண்டு வெளியேறுவார்கள். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் ஒருவர், அவருக்கும் பின்னால் இன்னொருவர் என்று வரிசை கட்டி வைத்தால்தான் டிசம்பர் வரை அணி நிற்கும். அந்த வரிசைக்கு அங்கே ‘டெப்த்’ என்று பெயர். கோச்சுகள் இராத்திரி தூக்கத்தில்கூட எண்ணுவது அதைத்தான்.

1973-க்கு முன் ஒரு கல்லூரி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். தேசிய வரம்பு கிடையாது. பணமுள்ள அணிகள் நல்ல பையன்களை வாரி எடுத்து வைத்துக்கொண்டன, பல சமயம் எதிரணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே. 1973-இல் 105 என்று வரம்பு வந்தது. பிறகு 95 ஆனது. 1992 முதல் படிப்படியாக 92, 88 என்று இறங்கி, 1994-இல் 85-இல் நின்றது. உயர்மட்டப் பிரிவில் கால்பந்து ஸ்காலர்ஷிப்பைப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்குப் பாதி என்ற பேச்சே இல்லை, தலைக்கு ஒன்று. இதோடு ஒரு ஆண்டில் புதிதாக 25 பேருக்கு மேல் ஸ்காலர்ஷிப்பில் சேர்க்கக் கூடாது என்று இரண்டாவது வரம்பும் இருந்தது.

இந்த இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கோச்சுகளின் பிழைப்பு நடந்தது. ஆண்டுக்கு 25 என்றால் நான்கு ஆண்டில் 100, இடமோ 85. படிப்பை விட்டவர், காயத்தில் ஒதுங்கியவர், வேறு கல்லூரிக்கு மாறியவர், தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-க்குச் சீக்கிரமே போனவர் என்று நான்கு ஆண்டில் 15 பேர் கழிந்தாலும் அணி நிறைந்தே இருக்கும். சிலர் ஒரு பருவம் ஆடாமல் உட்கார்ந்து ஐந்தாவது ஆண்டும் ஆடுவார்கள். அவர்களையும் சேர்த்தால் இன்னும் தாராளம். அந்தத் தாராளத்தைச் சில கோச்சுகள் அத்து மீறியும் பயன்படுத்தினார்கள். 2009-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். 37 பேருக்கும் ஒரே ஆண்டில் இடம் இருக்காது என்பது கையெழுத்துப் போடும்போதே தெரிந்த விஷயம். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய எஸ்.இ.சி. கூட்டமைப்பு, கையெழுத்துக்கே 28 என்று வரம்பு வைத்தது.

யு.எஸ்.சி.-யின் பிரச்சினை இதற்கு நேர் எதிர். தனக்கு உரியதைக்கூட எடுக்க முடியாத நிலை.

தவறு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004, 2005 பருவங்களில் அணியின் நட்சத்திரமாக இருந்த ரெஜி புஷ்ஷுக்கும் அவர் குடும்பத்துக்கும், பிற்காலத்தில் அவருக்கு முகவர்களாக வர நினைத்த இருவர் பணமும் வசதிகளும் கொடுத்தார்கள் என்று என்.சி.ஏ.ஏ. முடிவுக்கு வந்தது. கூடைப்பந்து அணியின் ஓ.ஜே. மேயோ விவகாரமும் அதே அறிக்கையில் இருந்தது. நிறுவனத்தின் கட்டுப்பாடு குலைந்துவிட்டது என்று குழு எழுதியது. தண்டனை: பருவம் முடிந்தபின் நடக்கும் ‘பௌல்’ முதலான பிந்தைய பருவ ஆட்டங்கள் இரண்டு ஆண்டுக்குக் கிடையாது, நான்கு ஆண்டுக் கண்காணிப்பு, புஷ் தகுதியின்றி ஆடியதாகச் சொன்ன 14 வெற்றிகள் கணக்கிலிருந்து நீக்கம், மூன்று ஆண்டுகளுக்கு மொத்த ஸ்காலர்ஷிப் 75, புதிய ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 15.

புஷ் 2006-லேயே என்.எஃப்.எல்.-க்குப் போய்விட்டார். தலைமைக் கோச் பீட் கேரல் 2010 ஜனவரியில் சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போனார். தண்டனையைச் சுமக்க வந்தவர் லேன் கிஃபின். தீர்ப்பு வந்தபோது 35 வயது. அவரோடு சுமந்தவர்கள் 17, 18 வயதுப் பையன்கள். 2012-இல் அணியில் சேர்ந்த ஒருவனுக்கு, ரெஜி புஷ் அந்தச் சட்டையைப் போட்டு ஓடியபோது 10 வயதுதான் இருக்கும். இந்த வழக்கில் என்னால் எந்தக் கோணத்திலும் ஏற்றுக்கொள்ள முடியாத பகுதி இதுதான்.

இப்போது 15-க்கு வருவோம். ஆண்டுக்கு 15 என்றால் நான்கு ஆண்டில் 60. ஒரு ஆள்கூடக் கழியாமல், எல்லோரும் ஐந்து ஆண்டு தங்கினால்தான் 75. அப்படி நடந்த அணி உலகத்தில் இல்லை. ஆக, 75 என்ற மொத்த வரம்பு பெரும்பாலும் எட்ட முடியாத கூரை. சாதாரண அணியில் ஒருவன் போனால் அடுத்த பிப்ரவரியில் அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிடலாம். யு.எஸ்.சி.-யில் ஒருவன் போனால் அந்த இடம் காலியாகவே கிடக்கும், ஏனென்றால் 15 பேருக்கான கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். ஏரிக்கு வருகிற வாய்க்காலை அடைத்துவிட்டு மதகை மட்டும் திறந்து வைத்ததுபோல.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. இடம் குறைந்ததால், எடுக்கிற 15 பேரையும் நாட்டிலேயே மிகச் சிறந்தவர்களாக எடுப்பது என்று கிஃபின் முடிவு செய்தார். புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் மிகச் சிறந்தவன் நான்கு ஆண்டு தங்க மாட்டான். பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டு ஆனதும் என்.எஃப்.எல். அவனுக்குக் கதவு திறக்கிறது. 2013 பருவம் முடிந்ததும் மார்கீஸ் லீ உட்பட ஐந்து பேர் படிப்பும் தகுதியும் மிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உடம்பை மூலதனமாக வைத்து ஆடுகிறவன் காசு வரும்போது போகத்தான் வேண்டும். ஆனால் 15 மட்டுமே எடுக்க முடிந்த அணிக்கு ஐந்து பேர் போவது, 25 எடுக்கிற அணிக்கு ஐந்து பேர் போவதைப் போன்றது இல்லை.

போனவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. பிந்தைய பருவத் தடை தங்கள் எஞ்சிய காலம் முழுவதையும் விழுங்குவதால், மூன்றாம், நான்காம் ஆண்டு வீரர்கள் ஒரு பருவம் காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. மாலிக் ஜாக்சன் டென்னசிக்குப் போனார். பிற்பாடு டென்வர் அணிக்காக, என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், 6 புள்ளி தரும் டச்டவுன் அடித்தவர் அவர்தான். 2010-இல் எடுத்தவர்களிலேயே பெரும் பெயரான சீன்ட்ரல் ஹெண்டர்சனை விடுவித்தார்கள். அவர் மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார். தீர்ப்பு எழுதிய குழுவின் தலைவர் பால் டீ அதே மயாமியில் முன்பு விளையாட்டு இயக்குநராக இருந்தவர். 2011 ஆகஸ்டில் மயாமியின் ஊழல் வெளியே வந்தது. அது டீ அங்கே இருந்த காலத்தையும் தொட்டது. 2013-இல் மயாமிக்கு வந்த தண்டனையில் ஸ்காலர்ஷிப் இழப்பு மூன்று ஆண்டில் மொத்தம் 9.

கிஃபினும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. யு.எஸ்.சி. மேல்முறையீடு செய்தது: பிந்தைய பருவத் தடையை ஓராண்டாகவும் ஸ்காலர்ஷிப் இழப்பை 30-இலிருந்து 15-ஆகவும் குறைக்கக் கேட்டது. முறையீடு நிலுவையில் இருந்தவரை ஸ்காலர்ஷிப் வெட்டு அமலுக்கு வரவில்லை. இந்தச் சந்துதான் 2011 பிப்ரவரியில் அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பு. பள்ளியைச் சீக்கிரம் முடித்து ஜனவரியிலேயே வந்து சேர்ந்தவர்களை முந்தைய ஆண்டின் காலி இடத்தில் எழுதிக்கொள்ள விதி இடம் கொடுத்தது. அப்படி எழுதி, கிட்டத்தட்ட 30 பேரை உள்ளே கொண்டுவந்தார். பஞ்சம் வருவது தெரிந்தால் களஞ்சியத்தை நிரப்பி வைக்கிற வேலை அது. 2011 மே 26-இல் மேல்முறையீடு முழுவதுமாக நிராகரிக்கப்பட்டது. 2012, 2013, 2014 ஆகிய மூன்று பருவங்கள் வெட்டின் கீழ் வந்தன.

முதல் விளைவு யாரும் எதிர்பாராத திசையில் இருந்தது. 2011-இல் அணி 10 வெற்றி, 2 தோல்வி. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் மாட் பார்க்லி என்.எஃப்.எல்.-ஐத் தள்ளிவைத்து இன்னொரு பருவம் ஆடுவதாக அறிவித்தார். 2012 தொடக்கத்தில் அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் யு.எஸ்.சி. முதலிடம். தண்டனையையே ஜெயித்துவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள்.

முதல் 22 பேரை மட்டும் பார்த்து எழுதியது அது. ஆட்டம் நவம்பர் வரை போகும். முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்து தோல்வி. ஆரிகன் அணி 62 புள்ளிகளும் 730 கெஜங்களும் எடுத்தது. யு.சி.எல்.ஏ.-வுக்கு எதிரான ஆட்டத்தில் பார்க்லியின் தோள் போனது. டெக்சஸில் நடந்த சன் பௌலில் ஜார்ஜியா டெக்கிடம் 21-7 என்று தோற்றுப் பருவம் முடிந்தது. மொத்தம் 7-6. முதலிடத்தில் தொடங்கித் தரவரிசையிலேயே இல்லாமல் முடித்த அணி 1964-க்குப் பிறகு அதுதான் முதல்.

இதை முழுக்க ஸ்காலர்ஷிப் மேல் போடுவது நேர்மை இல்லை. கிஃபினின் ஆட்டத் திட்டம் மீதும், தடுப்பாட்டத்தை நடத்திய அவர் தந்தை மான்ட்டி கிஃபின் மீதும் விழுந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்: பயிற்சித் திடல். ஆள் குறைவு என்பதால், வாரநாள் பயிற்சியில் ஒருவரை ஒருவர் கீழே சாய்த்து வீழ்த்துவதைக் கிஃபின் குறைத்துவிட்டார். பயிற்சியில் ஒரு முட்டி போனால் அதற்கு மாற்று இல்லை என்ற பயம். நியாயமான பயம். விளைவு, செவ்வாய்க்கிழமை வீழ்த்திப் பழகாதவன் சனிக்கிழமை 100 கிலோ ஆள் ஓடி வரும்போது தோளை மட்டும் இடித்துவிட்டு நழுவினான். அடுத்த ஆண்டு பயிற்சியை மறுபடி கடுமையாக்கினார். காயங்கள் வந்து குவிந்தன. மெலிந்த அணியின் கோச்சுக்கு முன்னால் இருந்தது இந்த இரண்டு வழிதான், இரண்டிலும் பள்ளம்.

ஆள் இல்லாத இடத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காலர்ஷிப் இல்லாமல், தன் காசில் படித்துக்கொண்டு, அணியில் ஒட்டிக்கொள்ளும் பையன்களை ‘வாக்-ஆன்’ என்பார்கள். யு.எஸ்.சி. தனியார் பல்கலைக்கழகம்; 2012-இல் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, வாரம் முழுதும் பயிற்சியில் அடுத்த வார எதிரணியின் வேடம் கட்டி அடி வாங்கி, சனிக்கிழமை ஓரத்தில் நிற்பது அவர்கள் வேலை. சாதாரண ஆண்டுகளில் அந்த வேடத்தைக் கட்டுவதில் பாதிப் பேராவது ஸ்காலர்ஷிப் பெற்ற இளையவர்களாக இருப்பார்கள். இந்த ஆண்டுகளில் அந்த இளையவர்கள் முதல் வரிசைக்கோ இரண்டாம் வரிசைக்கோ போய்விட்டார்கள். பயிற்சியை ஓட்டியவர்கள் வாக்-ஆன்கள்.

2012-இல் இன்னொரு கதை குறுக்கே வந்தது. சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய முன்னாள் உதவிக் கோச் ஜெர்ரி சாண்டஸ்கி விவகாரத்தில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது பென் ஸ்டேட்டுக்கு, அந்த ஆண்டு ஜூலை 23 அன்று என்.சி.ஏ.ஏ. தண்டனை அறிவித்தது: 6 கோடி டாலர் அபராதம், நான்கு ஆண்டு பிந்தைய பருவத் தடை, ஆண்டுக்கு 15 புதியவர், மொத்தம் 65. அங்கிருந்தும் வீரர்கள் தாராளமாக வெளியேறலாம் என்றார்கள். அந்த அணியின் முதன்மை ஓட்டக்காரர் சைலஸ் ரெட் கிளம்பி வந்து சேர்ந்த இடம், அதே வெட்டின் கீழ் இருந்த யு.எஸ்.சி. பயிற்சி பெற்ற ஆள், அன்றே களத்தில் இறங்கக்கூடியவர். அவருக்காக 15-இல் ஒரு இடத்தைக் கொடுத்தது சரியான கணக்கு. ஆனால் அவர் 2012, 2013 இரண்டு பருவங்களுக்குத்தான். நான்கு ஆண்டு நிற்கக்கூடிய இடத்தை இரண்டு ஆண்டுக்குச் செலவழித்தால், 2014-இல் அந்த ஓட்டை தெரியும். தெரிந்தது.

2013 செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 24-ஆம் தேதி, பென் ஸ்டேட்டின் ஸ்காலர்ஷிப்களைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுப்பதாக என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. கண்காணிப்பாளராக இருந்த முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் அந்தப் பல்கலைக்கழகம் திருந்தியிருக்கிறது என்று பரிந்துரைத்திருந்தார். யு.எஸ்.சி. விளையாட்டு இயக்குநர் பேட் ஹேடன் உடனே என்.சி.ஏ.ஏ.-விடம் போய், எங்களுக்கும் அதே கருணை வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. பென் ஸ்டேட் பையன்களுக்குத் தளர்வு கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சாண்டஸ்கி செய்ததற்கு அவர்களும் பொறுப்பில்லை. அதே நியாயம் லாஸ் ஏஞ்சலஸில் ஏன் செல்லவில்லை என்பதுதான் கேள்வி. என்.சி.ஏ.ஏ. அதற்குச் சொன்ன எதுவும் எனக்குப் போதவில்லை.

அதே வாரத்தின் சனிக்கிழமை, 28-ஆம் தேதி, அரிசோனா ஸ்டேட்டிடம் 62-41 தோல்வி. அணி விமானத்தில் திரும்பி, ஞாயிறு விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இறங்கியபோதே ஹேடன் கிஃபினை அழைத்துப் பேசி வேலையை விட்டு நீக்கினார்.

இடைக்காலக் கோச்சாக வந்தவர் எட் ஆர்ஜரான். லூசியானாக்காரர், கரகரத்த குரல். அவர் கையில் இருந்ததும் அதே மெலிந்த அணிதான். நவம்பர் 16 இரவு, தரவரிசையில் முதல் 5 இடங்களுக்குள் இருந்த ஸ்டான்ஃபர்ட், யு.எஸ்.சி.-யின் சொந்தத் திடலான கொலிசியத்துக்கு வந்தது. முந்தைய நான்கு ஆண்டும் யு.எஸ்.சி.-யை வீழ்த்திய அணி. 17-17. கடைசி நிமிடங்களில் சூவா கிரேவன்ஸ் பந்தை இடைமறித்துப் பிடித்தார். யு.எஸ்.சி. ஆட்கள் களத்தின் நடுப்பகுதியில் நான்காவது முயற்சியில் நிற்கிறார்கள். தேவை 2 கெஜம், தவறினால் பந்து எதிரணிக்கு. உதைத்து அனுப்பிவிட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போவது வழக்கமான முடிவு. ஆனால் கூடுதல் நேரம் என்றால் களைத்துப்போன அதே ஆட்கள் இன்னும் ஆட வேண்டும். மாற்று கிடையாது. ஆர்ஜரான் ஆடச் சொன்னார். கோடி கெஸ்லர் எறிந்தார், காயத்தோடு பருவம் முழுக்க மல்லுக்கட்டிய மார்கீஸ் லீ பிடித்தார், 13 கெஜம். 19 விநாடி மிச்சம் இருக்கும்போது ஆண்ட்ரே ஹெய்டாரி 47 கெஜத்திலிருந்து உதைத்து உள்ளே அனுப்பினார். 20-17. ரசிகர்கள் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் இறங்கினார்கள். முதலிடப் பட்டங்களுக்குப் பழகிய ஊர், வழக்கமான ஒரு பருவ ஆட்டத்துக்கு அப்படி இறங்கியது என்றால், அந்த மூன்று ஆண்டுகள் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

2014-தான் கணக்குப்படி அடிமட்டம். ஒரே ஆண்டில் எடுத்த புதியவர்களை ‘வகுப்பு’ என்பார்கள்; அணியில் இருந்தவற்றில் மூன்று வகுப்புகள் 15 வரம்பில் எடுத்தவை. புதிய கோச் ஸ்டீவ் சார்கீசியன். அரிசோனா ஸ்டேட் கடைசி எறிதலில் ஜெயித்தது, 38-34. யூட்டா 8 விநாடி மிச்சம் இருக்கும்போது ஜெயித்தது, 24-21. இரண்டும் கடைசி நொடிகளில் கை நழுவிய ஆட்டங்கள். நாலாவது கால்பகுதியில் புதிய கால்களை இறக்க முடிந்த அணியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. இறக்க ஆள் இல்லை என்பது மட்டும் தெரியும். அந்த ஆண்டின் கடைசி ஆட்டமான ஹாலிடே பௌலில், முதலாண்டு மாணவர் அடோரி ஜாக்சன் தடுப்பிலும் நின்றார், தாக்குதலிலும் ஓடினார், உதைபந்தைத் திருப்பிக்கொண்டு 98 கெஜம் ஓடி டச்டவுனும் அடித்தார். அபாரமான திறமை. ஆனால் ஒரே பையன் மூன்று வேலை பார்த்ததை நான் திறமை என்று மட்டும் படிக்கவில்லை.

தண்டனைக் காலம் 2014 ஜூன் 10-இல் முடிந்தது. 2015 பிப்ரவரியில்தான் முழு வகுப்பு எடுக்க முடிந்தது. அது நாட்டின் உச்ச வகுப்புகளில் ஒன்றாக மதிப்பிடப்பட்டது. அந்த வகுப்பு களத்தில் பழுக்க இன்னும் இரண்டு ஆண்டு பிடித்தது. 2017 ஜனவரி 2-ஆம் தேதி ரோஸ் பௌலில் யு.எஸ்.சி.-க்கு எதிரே வந்து நின்றது பென் ஸ்டேட். இருவரும் ஆண்டுக்கு 15 என்று வெட்டு வாங்கிய அணிகள். 52-49, கடைசி நொடியில் மாட் போர்மீஸ்டரின் 46 கெஜ உதையில் யு.எஸ்.சி. ஜெயித்தது. இரண்டு அணிகளும் சேர்ந்து 101 புள்ளி எடுத்த அந்த ஆட்டத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை ஸ்கோரைப் பார்க்கவில்லை. ஓரத்தில் மாற்றுக்கு நிற்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு விதிகளே மாறிவிட்டன. ஆண்டுக்கு 25 என்ற வரம்பை 2022-இல் தற்காலிகமாக நீக்கி, பிறகு நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். வீரர்கள் தாராளமாக இடம் மாறும் காலத்தில், போகிறவர்களுக்கு ஈடாக ஆள் எடுக்க முடியாமல் எல்லா அணிகளும் மெலியத் தொடங்கியதே காரணம். யு.எஸ்.சி. 2012-இல் அனுபவித்ததை மற்றவர்கள் பத்தாண்டு கழித்துச் சிறிய அளவில் உணர்ந்தார்கள். இந்த விவகாரத்தில் ரெஜி புஷ் இழந்திருந்த, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை 2024 ஏப்ரலில் அவருக்குத் திரும்ப வந்தது. கல்லூரி வீரன் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் பெறுவது 2021 முதலே அனுமதிக்கப்பட்டிருந்தது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்தோடு 85 என்ற எண்ணும் போனது. அதில் சேர்ந்த கல்லூரி இனி எத்தனை ஸ்காலர்ஷிப் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அணியில் மொத்தம் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

அந்த 105-இல் வாக்-ஆன்களும் அடக்கம். முன்பு அவர்களை யாரும் எண்ணியதில்லை. பெரிய அணிகளில் அவர்களோடு சேர்த்து 120 பேர்கூட இருப்பார்கள். வரம்பு வரப்போகிறது என்று தெரிந்ததுமே பல கல்லூரிகள் 2025 வசந்தத்தில் அவர்களை வெளியே அனுப்பத் தொடங்கின. நீதிபதி வில்கன் அதைக் காரணம் காட்டித்தான் ஒப்புதலை நிறுத்தி வைத்தார். அப்படி இடம் இழந்தவர்களைக் கல்லூரி விரும்பினால் 105-க்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தம் எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார். ‘விரும்பினால்’ என்ற அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. வெட்டு ஆண்டுகளில் யு.எஸ்.சி.-யின் பயிற்சித் திடலை ஓட்டியவர்களைப் போன்ற ஒரு பையன் இன்று கட்டணத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், கோச் முதலில் பார்ப்பது 105-இல் இடம் இருக்கிறதா என்றுதான்.